ஒரு மூடி ரப்பர் ஆசிட்

ரப்பர் பால் இல்லாத மாதங்களில் செல்லபாயின் வீடு பிளீச்சிங் திரவத்தில் ஓடியது. மாசியில் ரப்பர் இலை உதிரும். புதுத் தளிர் முற்றும்வரை மரத்தில் கத்தி வைக்க முடியாது. பால் வடியும் சிரட்டைகள் மரங்களில் கவிழ்ந்து கிடக்கும். ஷீட் அடிக்கும் மெஷின்மேல் கோழி ஏறி நிற்கும். அவள் கணவர் சத்தியநேசன் பழக்கத்தில் விடியுமுன் எழுந்து தோட்டத்துக்குள் ஒரு சுற்று போய்விட்டு வருவார். பிறகு இடுப்பில் கைவைத்து உட்கார்ந்துவிடுவார். பஹ்ரைனில் வேலை பார்த்த வருஷங்கள் அவருக்குக் கொடுத்ததில் மிச்சமிருந்தது அந்த இடுப்புவலிதான்.

வீடு சிதறாலுக்குப் பக்கத்தில், ரோட்டிலிருந்து இறங்கிப் போகும் சரிவில் இருந்தது. திரவம் நிறைந்த கேன்களை ரோட்டுக்கு ஏற்ற வேண்டும். செல்லபாய் ஒவ்வொன்றாக ஏற்றுவாள். பாதி வழியில் ஒரு பாறை உண்டு. அதில் கேனை வைத்துவிட்டு மூச்சு வாங்குவாள். மகன் எபிசன் கத்தாரிலிருந்து போனில் பேசும்போது, ஆளைக் கூப்பிட்டுத் தூக்கச் சொல்லு என்பான். சரி என்பாள். ஆளைக் கூப்பிட்டால் அவளுக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை.

பிளீச் தயாரிக்கக் கற்றுக்கொண்டது சபையின் பெண்கள் ஐக்கியத்தில். நாகர்கோவிலிலிருந்து ஒரு அம்மா வந்து பினாயில், சோப்பு எண்ணெய், பிளீச் மூன்றும் சொல்லித் தந்தாள். ஹால் நிறையப் பெண்கள் கற்றார்கள். ஒருத்தி தையல் மெஷின் வாங்கினாள். ஒருத்தி மருமகள் பிரசவத்துக்குத் துபாய் போனாள். மற்றவர்கள் மூக்கு எரிகிறது என்று விட்டுவிட்டார்கள். செல்லபாய்க்கும் மூக்கு எரிந்தது. ஆனால் வேறு ஒன்றும் கிடைக்கவில்லை.

வேலை கடினமானதல்ல. மார்த்தாண்டத்தில் ஞானதாசன் கெமிக்கல் கடை வைத்திருந்தான். அங்கே செறிவான பிளீச் திரவம் கிடைக்கும். அதை ஆட்டோவில் கொண்டுவந்து, கிணற்று வெள்ளம் சேர்த்து நீர்க்கச் செய்து, கொஞ்சம் காஸ்டிக் சோடா கரைத்து ஊற்ற வேண்டும். காஸ்டிக் எதற்கென்று சொல்லித் தந்த அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை. சாம்பாருக்குப் பெருங்காயம் எதற்கென்று யாரும் கேட்பதில்லை.

இரண்டு பள்ளிக்கூடங்கள் வாங்கின. சபை வாங்கியது. எல்லாவற்றையும் சேர்த்தாலும் அந்த ஆஸ்பத்திரி வாங்குவதில் பாதி வராது. அது மார்த்தாண்டத்திலிருந்து உள்ளே தள்ளி, ஒரு கிறிஸ்தவ டிரஸ்ட் நடத்தும் சின்ன ஆஸ்பத்திரி. பதினைந்து நாளுக்கு ஒருமுறை கேன்களை அங்கே இறக்குவாள். வார்டு துடைக்க, பாத்ரூம் கழுவ, ரத்தம் சிந்தின இடத்தில் ஊற்ற எல்லாவற்றுக்கும் அவளுடைய திரவம்தான்.

அங்கே துப்புரவு வேலை செய்தவள் வேளாங்கண்ணி. கடற்கரைக்காரி. இரண்டு பஸ் மாறி வருவாள். செல்லபாயைவிடச் சில வயது இளையவள். கேன் இறக்கிய பிறகு இருவரும் பின்பக்கத்து ஸ்டோர் ரூம் வாசலில் உட்கார்ந்து சாயா குடிப்பார்கள். சில நாள் வேளாங்கண்ணி ஒரு பொட்டலம் சாளை மீன் கொண்டுவந்து கொடுப்பாள். செல்லபாய் மரச்சீனிக் கிழங்கு கொண்டுபோவாள். சினேகம் என்று சொல்லும் அளவுக்குப் பேச்சு கிடையாது. இரண்டு பேருக்கும் கால் வலிக்கும். அதைப் பற்றிப் பேசுவார்கள்.

மாசி மாதம் ஒருநாள் வேளாங்கண்ணி இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். விரல் நுனிகளில் தோல் உரிந்து சிவந்திருந்தது. உள்ளங்கையில் வெடிப்பு.

"கிளவுஸ் போடலியாட்டி?"

"போட்டேன். அதுக்குள்ளயும் வந்து உக்காந்துக்கிடுது. ஒனக்க சரக்குக்கு வெக்கம் மானம் கெடையாது அக்கா."

"பொத்த கிளவுஸா இருக்கும்."

"பொத்தலு இல்லாம இஞ்ச யாரு தாறா? தொட்டா மீனுச் செதும்பல் மாதிரி வழுவழுங்கு. கழுவினாலும் போவாது. பொறவு தோலு கழண்டு வருது. ராத்திரி சோறு பிசையயில உயிரு போவுது. ஸ்பூன்ல தின்னுதேன், கலெக்டர் பொண்டாட்டி மாதிரி."

செல்லபாய் சிரித்தாள். பஸ்ஸில் திரும்பும்போது அந்தக் கைகள் நினைவில் நின்றன. வழுவழுப்பு காஸ்டிக்கின் காரம் என்று அவளுக்குத் தெரியும். அதைக் கரைக்கும்போது அவள் விரல்களும் அப்படித்தான் வழுக்கும்.

காரத்தை எது முறிக்கும் என்பதும் ரப்பர் வீட்டுக்காரிக்குத் தெரியும். ஷெட்டில் ரப்பர் ஆசிட் கேன் சும்மா நின்றது. பாலை உறைய வைக்கிற ஆசிட். வெள்ளத்தில் கலக்கிப் பாலில் ஊற்றினால் மதியத்துக்குள் தட்டில் ஷீட் உறைந்துவிடும். துளி கையில் பட்டால் எறும்பு கடித்த மாதிரி எரியும். அந்தப் பக்கத்து வீடுகளில் ரப்பர் ஆசிட் என்றால் யாருக்கும் பயம் கிடையாது. உப்பு, மண்ணெண்ணெய் மாதிரி அதுவும் ஒரு சாமான். செல்லபாய் ஷெட்டில் காஸ்டிக் சிந்தினால் அதை ஊற்றித்தான் கழுவுவாள்.

அடுத்த முறை கேன்களை நிரப்பியபின் ஒவ்வொன்றிலும் ஒரு மூடி ரப்பர் ஆசிட் ஊற்றினாள். முதல் கேனில் ஊற்றியதும் குப்பென்று ஒரு நெடி ஏறியது. தொண்டை பிடித்துக்கொண்டது. வாழை மரத்தடிவரை ஓடிப்போய் நின்று இருமினாள். கண் வழிந்தது. கொஞ்சம் பொறுத்து வந்து, அடுத்த கேன்களில் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊற்றினாள்.

விரலை முக்கிப் பார்த்தாள். வழுக்கவில்லை. சாயாக்கறை பிடித்த துணியை முக்கினாள். வழக்கமாகக் கறை மெல்ல மங்கி வெளுக்கும். இப்போது பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளுத்தது. காரமும் போய், வேலையும் கூடியிருக்கிறது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு பாட்டிலில் கொஞ்சம் பிடித்து வீட்டு பாத்ரூமுக்கென்று வைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் சுத்தம், தொற்று எல்லாவற்றையும் கவனிப்பவள் ஜினிஷா என்ற சிஸ்டர். சின்ன வயது. கேன் வந்ததும் ஒரு காகிதப் பட்டையை முக்கி, நிறத்தை அட்டையோடு ஒத்துப் பார்ப்பாள். அன்று பட்டை கருநீலமாக மாறியது.

"கொள்ளாம் அக்கா. இந்தத் தடவை நல்ல ஸ்ட்ராங்."

அதற்கடுத்த முறை போனபோது வேளாங்கண்ணி கையை முகத்துக்கு நேரே நீட்டினாள். வெடிப்பு மூடியிருந்தது.

"பாத்தியா? மாப்பிள்ளை பாக்க வரலாம். என்ன செஞ்சே?"

"காரத்தைக் கொறச்சேன்."

"முன்னாலயே செஞ்சிருக்கப்பிடாதா? எனக்க ரெண்டு வருஷத் தோலு போச்சே."

செல்லபாய் அந்தக் கேன்களிலும் ஒரு மூடி ஊற்றியிருந்தாள்.

பங்குனி வெயிலில் ஒருநாள் ஜினிஷா போன் செய்தாள்.

"அக்கா, உங்க சரக்குல ஒரு குறையும் இல்ல. அத மொதல்ல சொல்லீருதேன். வந்த அன்னைக்கு நானே செக் பண்ணினேன். நேத்து திரும்ப முக்கிப் பாத்தா பட்டையில நெறமே ஏறல. எல்லாக் கேனும். கேன் நெறஞ்சுதான் இருக்கு. ஆனா உள்ள வெறும் வெள்ளம்."

"அது எப்படி சிஸ்டர்?"

"எடுத்து வித்துட்டு வெள்ளம் ஊத்தி வச்சிருக்கா. வேற என்ன? போன தடவையும் கடைசியில ஒரு கேன் அப்படித்தான் இருந்தது. நான் சந்தேகப்படல. ஸ்டோர் சாவி வேளாங்கண்ணிகிட்டதான். அவளை வீட்டுல நிக்கச் சொல்லியாச்சு. திங்கக்கெழமை மேனேஜர் வருவாரு. நீங்க வந்து, குடுக்கும்போது சரக்கு சரியா இருந்ததுன்னு ஒரு வார்த்தை சொல்லணும். அவ்வளவுதான்."

"வாறேன்" என்றாள் செல்லபாய்.

போனை வைத்துவிட்டு அடுப்பில் விறகைத் தள்ளினாள். வேளாங்கண்ணி திருடுவாளா? திருடினாலும் ஆச்சரியமில்லை. யாருக்குத்தான் பணமுடை இல்லை. ஆனால் பிளீச்சைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறி எங்கே விற்பாள்? அந்த நெடிக்குக் கண்டக்டர் இறக்கிவிடுவான்.

பாத்ரூமுக்குப் போனாள். பாட்டில் ஜன்னலில் இருந்தது. திறந்து முகர்ந்தாள். நீச்சல் குளத்து வெள்ளம் மாதிரி லேசாக ஒரு மணம். சாயாக்கறை பிடித்த இன்னொரு துணியை முக்கினாள். வெளுக்கவில்லை. காத்திருந்தாள். துணி நனைந்து, கறை இன்னும் தெளிவாகத் தெரிந்தது. அந்த பாட்டிலை அவளைத் தவிர யாரும் தொட்டதில்லை.

ஷெட்டில் கிறிஸ்மஸுக்கு முன் கலக்கிய பழைய கேன் ஒன்றில் அடியில் கொஞ்சம் கிடந்தது. ஆசிட் ஊற்றாதது. விரல் வழுக்கியது. அதில் துணியை முக்கினாள். மெதுவாக, பழைய கணக்கில், கறை மங்கிப் போனது.

மறுநாள் பழையதில் கொஞ்சம் வேறொரு பாட்டிலில் பிடித்து, இரண்டு பாட்டிலையும் பையில் வைத்துக்கொண்டு மார்த்தாண்டம் போனாள். ஞானதாசன் கடையில் கூட்டமில்லை. அவன் கெமிஸ்ட்ரி படித்துவிட்டு வாத்தியார் வேலைக்கு அலைந்து, கடைசியில் கடை போட்டவன். விஷயத்தைச் சொன்னாள். அவன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான்.

"பிளீச்சில ஆசிட்டா? உயிரோட வந்து நிக்கியளே, அதுவே பெரிய காரியம். கூடுதல் ஊத்தியிருந்தா கேஸ் கெளம்பி அங்கேயே சாஞ்சிருப்பிய. பொறவு எனக்க கடைக்கு போலீஸ் வரும்."

"ஒரு மூடிதான் ஊத்தினேன்."

"மூடி மூடியாத்தான் எல்லாம் தொடங்கும்."

"கொண்டு குடுக்கும்போது நல்லா இருந்ததே ஞானதாசா. முன்னவிட வேகமா வெளுத்ததே."

"அன்னைக்கு நல்லா இருந்ததே அதனாலதான்." அவன் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். "இதுக்குள்ள ஒரு ஆசிட் இருக்கு. ஹைப்போகுளோரஸ் ஆசிட்னு பேரு. அதுக்கு நிலை கெடையாது. தனியா விட்டா உடைஞ்சு போயிரும். காரம் இருக்குத வரைக்கும் அது உப்பா அடங்கிக் கெடக்கும். வேலையும் மெதுவா செய்யும், மாசக்கணக்கா இருக்கவும் செய்யும். அதுக்குத்தான் காஸ்டிக். நீங்க என்ன செஞ்சிய? ஆசிட் ஊத்திக் காரத்தை முறிச்சிய. உள்ள அடங்கிக் கெடந்தது ஆசிட்டா வெளிய வந்தாச்சு. கறைமேல பாயும், நல்ல வேகம். அதே வேகத்துல தன்னையும் தின்னும். நீங்க ஊத்தின ரப்பர் ஆசிட்டையும் தின்னும். எல்லாத்தையும் தின்னு தீத்துட்டு வெறும் உப்பு வெள்ளமா நிக்கும். கேனை எங்க வச்சிருக்காவ?"

"தகர ஷீட்டு போட்ட ரூம்ல."

"கேக்கவே வேண்டாம். சூட்டுல இன்னும் சீக்கிரம்."

"அப்ப யாரும் வெள்ளம் கலக்கல."

"என்னத்துக்குக் கலக்கணும்? அதுவே வெள்ளமாயிட்டுதே. மனசிலாச்சா?"

மனசிலாயிற்று. அவள் கடை வாசலில் கிடந்த காலி டிரம்மில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள். ஜங்ஷனில் லாரிகள் ஊர்ந்தன. ஞானதாசன் ஒரு சர்பத் வாங்கித் தந்தான். குடித்தாள்.

வீட்டில் சத்தியநேசனிடம் சொன்னாள். அவர் கட்டிலில் திரும்பிப் படுத்தபடி கேட்டார்.

"ஒன்னக் குத்தம் சொன்னாவளா?"

"இல்ல."

"பொறவு என்னத்துக்கு நீயே போயி தலையைக் குடுக்கே?"

"அவளுக்கு வேலை போயிரும்."

"நமக்கு?"

தளிர் முற்ற இன்னும் ஒரு மாதம் ஆகும். ஷீட் விலை என்ன என்று அவருக்கும் தெரியும். அவரே தொடர்ந்தார். "அவ கடக்கரையில கருவாடு வித்தாவது பொழச்சுக்கிடுவா."

"நீங்க கண்டியளாக்கும்" என்றாள். படுத்தாள். கோபமாக இருக்க வேண்டும் போலிருந்தது. களைப்பாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனாள். மேனேஜர் அறையில் ஜினிஷாவும் இருந்தாள். செல்லபாய் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்து சொல்ல முடியாமல் போகும் என்று தோன்றியது. ஆசிட் ஊற்றியதைச் சொன்னாள். இரண்டு பாட்டில்களையும் மேஜைமேல் வைத்தாள்.

ஜினிஷா பட்டையை எடுத்து இரண்டிலும் முக்கினாள். ஒன்று நீலமானது. ஒன்று வெளுப்பாக நின்றது.

"அக்கா, குளோரின் கேஸ் வரும். தெரியாதா உங்களுக்கு? எங்க ஆளு ஒருத்தி பாத்ரூமைப் பூட்டிக்கிட்டு கழுவியிருந்தா?"

"தெரியாது சிஸ்டர். அவ கை உரிஞ்சுது. அதுக்காக ஊத்தினேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே." ஜினிஷாவின் குரல் இறங்கியது. "ஒரு வாரமா வார்டு முழுக்க வெறும் வெள்ளத்துல தொடச்சிருக்கோம். நான் யாருக்கு என்ன பதில் சொல்ல?"

மேனேஜர் நல்ல மனிதர். திட்டவில்லை. வேளாங்கண்ணி நாளையிலிருந்து வரட்டும் என்றார். இனி திரவம் கம்பெனி சரக்காக வரும், வீட்டுத் தயாரிப்பு வேண்டாம் என்றார். கேன்களை அவள் எடுத்துக்கொண்டு போகலாம் என்றார். எல்லாவற்றையும் ஒரே குரலில் சொன்னார்.

கேட்டுக்கு வெளியே பஸ் ஸ்டாப்பில் வேளாங்கண்ணி உட்கார்ந்திருந்தாள். மேனேஜர் கூப்பிடுவார் என்று காலையிலேயே வந்திருக்கிறாள். நல்ல சேலை கட்டியிருந்தாள். செல்லபாய் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். நாளைக்கு வேலைக்கு வரலாம் என்று சொல்லி முடித்தாள்.

வேளாங்கண்ணி தன் கைகளைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"எனக்க கைக்காவயா செஞ்சே?"

"ஆமா."

"நான் ஒன்ன ஆசிட் ஊத்தச் சொன்னேனா?"

"இல்ல."

"கையி உரிஞ்சா தேங்கண்ண போட்டுக்கிடுவேன் அக்கா. எனக்க பையைக் கவுத்தினாவ, தெரியுமா? காலையில ஜெபம் முடிஞ்ச ஒடனே, அத்தன பேரு நிக்கயில. டிபன் பாக்ஸு, மாத்தத் துணி, எல்லாம் தரையில. ஒரு எழவும் கெடைக்கல. கெடைக்கலன்னு யாராவது சொன்னாவளா? இல்ல. வெவரமா வித்துட்டான்னு சொன்னாவ. நீ உள்ள போயி கதவைச் சாத்திட்டு மேனேஜர்கிட்ட சொல்லியாச்சு. நான் நாளைக்கி வாறேன். அவ்வளவு பேரும் என்ன நெனப்பாவ? மேனேஜர் கால்ல விழுந்துட்டான்னு நெனப்பாவ."

"நான் என்னட்டி செய்யணும்?"

"நாளைக்கு ஜெபத்துக்கு வா. அத்தன பேருக்கும் முன்ன சொல்லு."

"எனக்கு அங்க என்ன காரியம்? சரக்கே வேண்டாம்னு சொல்லியாச்சு."

"அது ஒனக்க பாடு" என்றாள் வேளாங்கண்ணி. பஸ் வந்தது. ஏறினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் செல்லபாய் முதல் பஸ்ஸில் போனாள். சபையில் பெண்கள் எழுந்து சாட்சி சொல்வது உண்டு. நோய் குணமானது, விசா கிடைத்தது, மகளுக்கு வரன் அமைந்தது. எபிசனுக்கு விசா வந்தபோது அவளும் சொல்லியிருக்கிறாள்.

டாக்டரைப் பார்க்க வருகிறவர்கள் உட்காரும் ஹாலில் நர்சுகளும் ஆயாக்களும் கூடியிருந்தார்கள். துப்புரவுக்காரிகள் பின்னால் சுவரோரம். வேளாங்கண்ணி அவர்களிலிருந்து கொஞ்சம் விலகி நின்றாள். பாட்டு முடிந்து, வசனம் வாசித்து, ஜெபம் முடிந்தது. செல்லபாய் ஜினிஷாவிடம் போய்க் கேட்டாள். ஜினிஷா கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு தலையசைத்தாள்.

"நான் செல்லபாய்" என்றாள். எல்லோருக்கும் அவளைத் தெரியும். கேன்காரி. "இஞ்ச பிளீச் குடுக்குதது நான்தான். அதுல யாரும் வெள்ளம் கலக்கல. நான் ரப்பர் ஆசிட் ஊத்தினேன். அதுல வீரியம் தானா போயிட்டு. கேனுல கெடந்தே போயிட்டு. வேளாங்கண்ணி எடுக்கல. அவ பையில ஒண்ணும் இருந்திருக்காது. இருக்க வழியில்ல. தப்பு என் பேர்ல."

இன்னும் ஏதோ சொல்ல வேண்டும்போல எல்லோரும் காத்திருந்தார்கள். சாட்சி என்றால் முடிவில் ஸ்தோத்திரம் வரும். அவளுக்கு அதைச் சொல்லத் தோன்றவில்லை. சேலை நுனியால் முகத்தைத் துடைத்தாள்.

"அவ்வளவுதான்."

பின்னாலிருந்து ஒரு வயசான ஆயா பழக்கத்தில் "ஆமென்" என்றாள். யாரோ சிரிப்பை அடக்கினார்கள். நர்சுகள் கலைந்தார்கள். சுவரோரம் நின்ற துப்புரவுக்காரிகளில் ஒருத்தி நகர்ந்து வேளாங்கண்ணிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். ஏதோ கேட்டாள். வேளாங்கண்ணி பதில் சொன்னாள். இன்னொருத்தியும் வந்தாள்.

செல்லபாய் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு கேன்களை எடுக்க ஸ்டோர் ரூமுக்குப் போனாள்.